ப்ரோஃபிலாக்ஸிஸ்னா, எதுக்கு முன்னாடி?

பல் டாக்டர்கிட்ட போய் பல்லை க்ளீன் பண்ணிட்டு வந்தா பில்லுல "ஓரல் ப்ரோஃபிலாக்ஸிஸ்"னு ஒரு வரி இருக்கும். பாத்தவுடனே நமக்குத் தெரியாம வாய்க்குள்ள ஏதோ ஆபரேஷன் பண்ணிட்டாங்க போலன்னு தோணும், ஒண்ணும் இல்ல, ஸ்கேலிங் தான், பல்லுல படிஞ்ச காரையைச் சுரண்டி எடுக்கறது. சும்மா "ஸ்கேலிங்"னு போட்டா ஐநூறு ரூபா கேக்க கூச்சமா இருக்கும்னு இப்படிப் போடுறாங்களோன்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான். அப்படி இல்ல, உலகம் பூரா பல் டாக்டருங்க இதுக்கு வச்சிருக்கற பேரே அதுதான். அமெரிக்காவுல பெரியவங்களுக்குப் பல் க்ளீனிங் பண்ணா அதுக்கு டி1110னு ஒரு கோட், சின்னப் பசங்களுக்கு டி1120, ரெண்டோட பேருலயும் ப்ரோஃபிலாக்ஸிஸ் இருக்கும்.

கோட் எல்லாம் எப்படித் தெரியும்னா, நான் மெடிக்கல் கோடிங்ல இருக்கேன். சென்னைல இந்த வேலை பாக்கறவங்க தெருவுக்கு ரெண்டு பேராவது இருப்பாங்க, தெரியாதவங்களுக்கு மட்டும் சொல்றேன், அமெரிக்கா ஆஸ்பத்திரில டாக்டர் எழுதின சார்ட்டைப் படிச்சு இன்ன வியாதி, இன்ன ட்ரீட்மெண்ட்னு அதுக்கான நம்பரைப் போட்டு இன்ஷூரன்ஸுக்கு அனுப்பறது. இந்த வேலைல அடிக்கடி கண்ணுல படுற வார்த்தைங்கள்ல ப்ரோஃபிலாக்ஸிஸும் ஒண்ணு. நாய் கடிச்சு வந்தவருக்குப் போட்ட ஊசி ப்ரோஃபிலாக்ஸிஸ், ஆபரேஷனுக்கு முன்னாடி ஏத்தின ஆன்டிபயாடிக் ப்ரோஃபிலாக்ஸிஸ், பொறந்த குழந்தை கண்ணுல தடவின மருந்து ப்ரோஃபிலாக்ஸிஸ், கேன்சர் வர்ற ஜீன் இருக்குன்னு டெஸ்ட்ல தெரிஞ்சு நல்லா இருக்கற மார்பகத்தையே எடுத்துட்டா அதுவும் ப்ரோஃபிலாக்டிக் சர்ஜரி, அதுக்கு இசட்40ல தனியா கோட் இருக்கு (ஏஞ்சலினா ஜோலி 2013ல பண்ணிக்கிட்டதா வெளில சொன்னாங்களே, அதேதான்). பல்லு சுரண்டறதுக்கும் அதுக்கும் ஒரே வார்த்தையான்னு ஆரம்பத்துல எனக்கு ரொம்ப உறுத்தும். ட்ரெய்னிங்ல கேட்டா "ப்ரிவென்ஷன்பா, நோய் வராம தடுக்கறது, அடுத்த சார்ட்டைப் பாரு"ன்னு முடிச்சிடுவாங்க. தப்பில்ல, ஆனா அதோட விட்டா இந்த வார்த்தைல இருக்கற முக்கியமான சமாச்சாரம் விட்டுப்போயிடுது.

வார்த்தை கிரேக்கம். ஃபிலாக்ஸ்னா காவக்காரன். ப்ரோன்னா முன்னாடி. ரெண்டும் சேந்து முன்கூட்டியே காவல் நிக்கறது. கிரேக்கத்துல இது மொதல்ல மருத்துவ வார்த்தையே கிடையாது, பட்டாளத்து வார்த்தை, படை ஒரு இடத்துல கூடாரம் போட்டுத் தங்கினா கொஞ்சம் தள்ளி முன்னால ஒரு சின்னக் கூட்டத்தை நிறுத்தி வைப்பாங்க பாருங்க, எதிரி வந்தா மொதல்ல அவங்க கண்ணுல படணும்னு, அந்த முன்காவலுக்குப் பேரு ப்ரோஃபிலகே. அதுக்கப்புறம் தான் வைத்தியத்துக்கு வந்துச்சு. இங்கிலீஷுக்குள்ள ப்ரோஃபிலாக்டிக்ங்கற வடிவம் 16ஆம் நூற்றாண்டுலயே பிரெஞ்சு வழியா நுழைஞ்சிருச்சு, அதாவது கிருமின்னு ஒண்ணு இருக்கறதே யாருக்கும் சரியாத் தெரியாத காலத்துல.

இதே வேர்லேர்ந்து வந்த இன்னொரு வார்த்தை ஃபிலாக்டீரியான், தாயத்துன்னு அர்த்தம். இது தெரிஞ்சப்போ எனக்கு ஒரே குஷி, ஏன்னா நம்மகிட்டயும் அப்படியே இருக்கு. காக்கறதுலேர்ந்து காப்பு. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மொத நாள் மஞ்சக்கயிறு கட்டறமே அது காப்பு கட்டறது, குழந்தைக்குக் கையில போடுறது காப்பு, கவர்மெண்டு 1999ல ஆரம்பிச்சு திரும்ப 2021ல கொண்டு வந்த மருத்துவ முகாம் திட்டத்துக்குப் பேரு வருமுன் காப்போம். கிரேக்கக்காரன் தாயத்தையும் தடுப்பு மருந்தையும் ஒரே வேர்ல வச்சான், நம்மளும் அப்படித்தான் வச்சிருக்கோம், யாரும் யாரைப் பாத்தும் காப்பி அடிக்கல. "வருமுன் காப்போம்"னு அந்த ஸ்கீமுக்குப் பேரு வச்ச ஆபீசர் யாரோ, ப்ரோஃபிலாக்ஸிஸுக்கு இதவிட நல்ல தமிழ் கிடையாதுன்னு நான் சொல்லுவேன். நோய்த்தடுப்புன்னு சொல்றோம், அதுல தடுக்கறது இருக்கு, அந்த "முன்" இல்ல.

அந்த "முன்" தான் விஷயமே. இந்த வார்த்தையை எங்க பாத்தாலும் "எதுக்கு முன்னாடி?"ன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, பாதி மருத்துவம் புரிஞ்சிடும்.

கார்ல் க்ரெடேன்னு ஜெர்மனில ஒரு பிரசவ டாக்டர், லைப்ஸிக் ஊர்ல இருந்தாரு. அப்போ ஐரோப்பாவுல நிறைய குழந்தைங்களுக்குப் பொறந்த சில நாள்ல கண்ணு சீழ் புடிச்சு பார்வையே போயிடும், கண் தெரியாதோர் பள்ளிக்கூடங்கள்ல இருந்த பசங்கள்ல கணிசமானவங்க இப்படி ஆனவங்க. அம்மாவுக்கு கொனோரியாங்கற மேக நோய் இருந்தா குழந்தை வெளில வர்ற வழியிலேயே கிருமி கண்ணுக்குப் போயிடுது. க்ரெடே என்ன பண்ணாருன்னா, அம்மாவுக்கு நோய் இருக்கா இல்லையான்னு ஆராய்ஞ்சிட்டு இருக்காம, பொறந்த எல்லாக் குழந்தைக்கும் கண்ணைத் துடைச்சு சில்வர் நைட்ரேட் கரைசல், 2 சதவீதம், ஒரே ஒரு சொட்டு விட்டாரு. 1880ல இதை ஆரம்பிச்சு 1881ல எழுதி வெளியிட்டாரு. அவரு ஆஸ்பத்திரில நூத்துக்குப் பத்து குழந்தைக்கு வந்துட்டு இருந்தது நூத்துக்கு ஒண்ணுக்கும் கீழ இறங்கிடுச்சு. இங்க "எதுக்கு முன்னாடி"ன்னா, கிருமி கண்ணுல விழுறதுக்கு முன்னாடி இல்லைங்க, அது விழுந்தாச்சு, வேர் புடிக்கறதுக்கு முன்னாடி. இப்போ சில்வர் நைட்ரேட் எல்லாம் போயி எரித்ரோமைசின் களிம்பு வந்திருச்சு, சார்ட்ல இன்னும் "ஐ ப்ரோஃபிலாக்ஸிஸ் கிவன்"னு தான் எழுதுறாங்க.

நம்ம நாட்டுல இந்த வார்த்தை பெருசா அடிபட்டது பிளேக் சமயத்துல. 1896ல பம்பாய்ல பிளேக் வந்துச்சு, ஒடெஸாவுல பொறந்த ஹாஃப்கின்ங்கற விஞ்ஞானி அங்க ஒரு சின்ன எடத்துல லேப் போட்டு மருந்து தயார் பண்ணி 1897 ஜனவரி 10ஆம் தேதி மொதல்ல தனக்கே குத்திக்கிட்டாரு. அந்த மருந்தை அப்போ வேக்ஸின்னு சொன்னதை விட "பிளேக் ப்ரோஃபிலாக்டிக்"னு தான் அதிகமா எழுதுவாங்க, ஏன்னா வேக்ஸின்ங்கறது அந்தக் காலத்துல இன்னும் மாட்டு அம்மையோட ஒட்டிக்கிட்டு இருந்த பேரு, வாக்கான்னா லத்தீன்ல பசுமாடு. ஆனா 1902ல பஞ்சாப்ல மல்கோவால்னு ஒரு ஊர்ல இந்த ஊசி போட்டவங்கள்ல 19 பேர் டெட்டனஸ் வந்து செத்துட்டாங்க. பழி மொத்தமும் ஹாஃப்கின் தலைல விழுந்துச்சு. கடைசில பாத்தா 19 பேருக்கும் ஒரே பாட்டில், அந்த பாட்டிலைத் திறக்கும்போது இடுக்கி கீழ விழுந்திருக்கு, அதைச் சரியா சுத்தம் பண்ணாம திரும்ப எடுத்து பாட்டில் மூடியைத் திறந்திருக்காங்கன்னு சாட்சி இருந்துச்சு. மலேரியா கொசுவால பரவுதுன்னு கண்டுபிடிச்ச ரொனால்ட் ராஸ் மாதிரி ஆளுங்க அவருக்காக லண்டன் பத்திரிகைல எழுதி, 1907ல தான் அவரு மேல தப்பில்லன்னு ஆச்சு. பம்பாய்ல அவரு தொடங்கின லேபுக்கு 1925ல அவரு பேரையே வச்சாங்க. அஞ்சு வருஷம் ஒரு மனுஷனை அலைய விட்டுட்டு அப்புறம் பேரு வைக்கறது நம்மூர் பழக்கம் மட்டும் இல்ல போல.

இப்போ நாய்க்கடிக்கு வருவோம், இதுல தான் எனக்கு ரொம்ப நாள் குழப்பம் இருந்துச்சு. போஸ்ட் எக்ஸ்போஷர் ப்ரோஃபிலாக்ஸிஸ்னு சொல்றாங்க. எக்ஸ்போஷர்னா கிருமி மேல படறது, போஸ்ட்டுன்னா பின்னாடி, ப்ரோன்னா முன்னாடி. ஒரே பேர்ல முன்னும் பின்னும். நாய் கடிச்சாச்சு, எச்சில் உள்ள போயாச்சு, இதுக்கப்புறம் என்ன முன்னாடி?

காரணம் ரேபீஸ் வைரஸோட நடை. அது மத்த கிருமி மாதிரி ரத்தத்துல கலந்து ஓடாது, கடிச்ச எடத்துல இருக்கற நரம்பைப் புடிச்சு மெதுவா மூளையை நோக்கி ஏறும். கால்ல கடிச்சா ரொம்ப தூரம், முகத்துல கடிச்சா கிட்டக்க, அதனால தான் முகத்துலயும் கையிலயும் கடிச்சா டாக்டருங்க அவ்வளவு பதறுறாங்க. பெரும்பாலும் ஒண்ணுலேர்ந்து மூணு மாசம் ஆகும் நோய் தலைகாட்ட. அந்த இடைவெளி தான் நமக்குக் கிடைச்ச டைம். வைரஸ் மூளைக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி நம்ம உடம்பு எதிர்ப்பைத் தயார் பண்ணிக்கணும், அதுக்குத்தான் ஊசி. மூளைக்குப் போய் அறிகுறி ஆரம்பிச்சிட்டா, தண்ணியைப் பாத்தாலே தொண்டை இழுக்க ஆரம்பிச்சிட்டா, அதுக்கப்புறம் கிட்டத்தட்ட யாரையும் காப்பாத்த முடியாது. அப்போ முன்காவல் எங்க நிக்குதுன்னு பாருங்க, கடிக்கு முன்னாடி இல்ல, மூளைக்கு முன்னாடி நிக்குது.

லூயி பாஸ்டர் இதைத்தான் 1885 ஜூலை 6ஆம் தேதி பண்ணாரு. ஜோசஃப் மைஸ்டர்னு ஒம்பது வயசுப் பையன், அல்சேஸ் பக்கத்துலேர்ந்து அம்மா கூட்டிட்டு வந்தாங்க, உடம்புல பல எடத்துல நாய் கடி. பாஸ்டர் டாக்டர் கிடையாது, கெமிஸ்ட்ரி விஞ்ஞானி, அதனால ஊசியை வேற ஒரு டாக்டரை விட்டுப் போட வச்சாரு. பத்து நாள் சுமாருக்குள்ள 13 ஊசி. பையன் பொழச்சிட்டான். அதுக்கப்புறம் உலகம் பூரா பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டுங்க முளைச்சுது, நம்ம குன்னூர்ல இருக்கறது 1907ல ஆரம்பிச்சது. ஊட்டிக்குப் போறப்ப சிம்ஸ் பார்க் போறவங்க அத்தனை பேரும் அந்த பில்டிங்கைத் தாண்டித்தான் போவாங்க, எத்தனை பேர் திரும்பிப் பாப்பாங்கன்னு தெரியல.

"தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி"ன்னு நம்ம அப்பா அம்மா பயமுறுத்துவாங்களே, அது இமாச்சலப் பிரதேசத்துல இருக்கற கசௌலில டேவிட் செம்பிள்ங்கறவர் கொண்டு வந்த மருந்து, ஆட்டு மூளைலேர்ந்து தயாரிக்கறது. வலி ஒரு பக்கம், அந்த நரம்புத் திசுவாலயே சில பேருக்கு கை கால் விழுந்து போற ஆபத்தும் இருந்துச்சு. இந்தியாவுல அதை நிறுத்தி இருபது வருஷம் ஆச்சு. ஆனா அந்தப் பயம் மட்டும் இன்னும் நிக்கல, இப்பவும் நாய் பிராண்டினா வீட்டுல சொல்லாம மறைக்கற பசங்க இருக்காங்க, வயித்துல ஊசி போடுவாங்கன்னு. இப்போ கையில தான். கவர்மெண்டு ஆஸ்பத்திரில தோலுக்குள்ள போடுற முறை, 0, 3, 7, 28ன்னு நாலு நாள், ஒவ்வொரு தடவையும் ரெண்டு எடத்துல துளித்துளி. தசைல போட்டா 0, 3, 7, 14, 28ன்னு அஞ்சு நாள். மொத நாளைப் பூஜ்யம்னு எண்றதால ஒரு நாள் தள்ளிக் கணக்குப் போட்டுப் போய் நிக்கறவங்க நிறைய. ரத்தம் வந்த காயம்னா கூடவே இம்யூனோகுளோபுலின் காயத்தைச் சுத்தியே போடணும், ஏன்னா ஊசிக்கு உடம்பு பதில் சொல்ல ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அது வரைக்கும் ரெடிமேடா ஒரு காவல் வேணும். இதெல்லாத்துக்கும் முன்னாடி சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் காயத்தைக் கழுவணும். மஞ்சப்பொடி, சுண்ணாம்பு, மொளகாப்பொடி வைக்கறதை தயவு செஞ்சு விட்டுடுங்க.

ஆன்டிபயாடிக் விஷயத்துக்கு வந்தா எனக்கு கொஞ்சம் கோவமே வரும். ஆபரேஷனுக்குக் கொடுக்கற ப்ரோஃபிலாக்டிக் ஆன்டிபயாடிக்னா கத்தி வைக்கறதுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள, முன்னாடி, ஒரு டோஸ். இதுக்கு அடிப்படை 1961ல பாஸ்டன்ல ஜான் பர்க்னு ஒரு சர்ஜன் கினிப்பன்றிங்களை வச்சுப் பண்ண சோதனை. தோலுக்குள்ள கிருமியைப் போட்டு, மருந்தை வேற வேற நேரத்துல கொடுத்துப் பாத்தாரு. முன்னாடியே கொடுத்தா ரொம்ப நல்லா வேலை செய்யுது, நேரம் போகப்போக பலன் குறையுது, மூணு மணி நேரம் தாண்டிட்டா கொடுத்தும் ஒண்ணுதான் கொடுக்காததும் ஒண்ணுதான். அதே மருந்து, அதே கிருமி, அதே அளவு, கடிகாரம் மட்டும் தான் வித்தியாசம். 1992ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல ஆயிரக்கணக்கான மனுஷங்களோட ஆபரேஷன் ரெக்கார்டை அலசினப்பவும் முன்னாடி ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாங்கினவங்களுக்குத் தான் புண்ணு சீழ் புடிக்கறது எல்லாரையும் விடக் கம்மி.

அப்போ ஆபரேஷன் முடிஞ்சு தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது "எதுக்கும் இருக்கட்டும்"னு அஞ்சு நாளுக்கு, ஏழு நாளுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கறது என்ன கணக்கு? சுத்தமான சாதாரண ஆபரேஷன்னா 24 மணி நேரத்துக்கு மேல தேவையில்லன்னு தான் எல்லா வழிகாட்டியும் சொல்லுது. சொந்தக்காரர் ஒருத்தருக்கு ஹெர்னியா பண்ணப்போ ஒரு ஆஸ்பத்திரில பத்து நாள் மாத்திரை கொடுத்தாங்க, கேட்டா "ப்ரோஃபிலாக்ஸிஸ்"னாங்க. எதுக்கு முன்னாடின்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சீனியர் டாக்டரு, கேக்கல. மெடிக்கல் ஷாப்ல போய் சளிக்கு அசித்ரோமைசின் மூணு வாங்கி "வராம இருக்க" போடுறவங்க கதை தனி, சளி வைரஸுக்கு அந்த மாத்திரை முன்னாடி போட்டாலும் ஒண்ணும் பண்ணாது, பின்னாடி போட்டாலும் ஒண்ணும் பண்ணாது.

அதுக்காக நீண்ட நாள் மருந்துன்னாலே தப்புன்னு இல்ல. சின்ன வயசுல ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு அடிபட்டவங்க 21 நாளுக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி போட்டுக்குவாங்க, வருஷக்கணக்குல, செம வலி ஊசி அது, போட்டவங்களைக் கேட்டா தெரியும். நோய் வந்தாச்சு, ஆனா அடுத்த தாக்குதல் வந்தா வால்வு இன்னும் கெட்டுப்போகும், அந்த ரெண்டாவதுக்கு முன்னாடி நிக்கற காவல் இது. 2018 கேரளா வெள்ளத்துல தண்ணில எறங்கி வேலை செஞ்சவங்களுக்கு வாரம் ஒரு தடவை டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் கொடுத்தாங்களே, எலிக்காய்ச்சலுக்கு, அதுவும் சரியான ப்ரோஃபிலாக்ஸிஸ் தான், எதுக்கு முன்னாடின்னு கேட்டா பதில் இருக்கு.

நடுவுல ஒரு சமாச்சாரம். அமெரிக்கக்காரங்க பேச்சுல ப்ரோஃபிலாக்டிக்னா ஆணுறை. ரெண்டு உலகப்போர்லயும் சிப்பாய்ங்களுக்கு மேக நோய் வராம இருக்க பட்டாளமே தனி ஸ்டேஷன் வச்சு மருந்து கொடுத்துச்சு, அந்தப் பழக்கத்துல நாசூக்கா சொல்ல இந்த வார்த்தை அப்படியே ஒட்டிக்கிச்சு. நம்ம கவர்மெண்டு 1968ல விட்டதுக்குப் பேரு நிரோத், சமஸ்கிருதத்துல அதுவும் தடுப்புதான். மொதல்ல மன்மதன் பேருன்னு காமராஜ்னு வைக்கலாம்னு யோசிச்சாங்களாம், அப்போ காங்கிரஸ் தலைவர் யாருன்னு ஞாபகம் வந்து அவசரமா மாத்திட்டாங்களாம். வடக்கத்திக்காரங்க யோசிச்ச பேரு, நல்லவேளை தப்பிச்சோம். செஸ் ஆடுறவங்களுக்கும் இந்த வார்த்தை தெரிஞ்சிருக்கும், லாட்வியாவுல ரீகாங்கற ஊர்ல பொறந்த செஸ் ஆட்டக்காரர் நிம்ஸோவிச் அதை போர்டுக்குக் கொண்டு வந்தாரு, எதிராளி நெனைக்கற மூவை அவன் ஆடுறதுக்கு முன்னாடியே ஆட முடியாமப் பண்றது. பெட்ரோசியனும் கார்ப்போவும் அதுல கில்லாடிங்க.

கடைசியா, இந்தக் காவக்காரன் திரும்பி வீட்டுக்காரனையே அடிச்ச கதை. 1901ல மொனாக்கோ இளவரசர் ஆல்பர்ட் தன்னோட கப்பல்ல சார்ல் ரிஷே, பால் போர்ட்டியேன்னு ரெண்டு விஞ்ஞானிங்களைக் கூட்டிட்டுப் போனாரு. கடல்ல ஜெல்லி மீன் மாதிரி மிதக்கற ஃபைசாலியாவோட விஷத்தை ஆராயச் சொன்னாரு. பாரிஸ் திரும்பினதும் ஃபைசாலியா கிடைக்கல, அதனால கடல் அனிமோன் விஷத்தை எடுத்து நாய்ங்களுக்குக் கொஞ்சமா கொடுத்துப் பாத்தாங்க. யோசனை என்னன்னா, கொஞ்சம் கொடுத்தா அடுத்த தடவை தாங்கும், அதாவது ப்ரோஃபிலாக்ஸிஸ். நெப்டியூன்னு ஒரு நாய், நல்ல திடமான நாய், மொத டோஸ் ஒண்ணும் பண்ணல. மூணு வாரம் போல விட்டு அதே சின்ன டோஸைத் திரும்பக் கொடுத்தாங்க. சில விநாடில மூச்சு வாங்க ஆரம்பிச்சு, வாந்தி எடுத்து, 25 நிமிஷத்துல செத்துப்போச்சு. காவலுக்குன்னு கொடுத்தது நேர் எதிரா ஆயிடுச்சு, அதனால 1902ல ரிஷே ப்ரோவை எடுத்துட்டு அனாவைப் போட்டு அனஃபிலாக்ஸிஸ்னு ஒரு புது வார்த்தை உண்டாக்கினாரு. இதுக்காகவே 1913ல நோபல் கொடுத்தாங்க.

தடுப்பூசி போட்டதும் "அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க"ன்னு நர்ஸம்மா சொல்றது இதுக்குத்தான். ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்ள வந்துடும், தொடைல அட்ரினலின் போட்டா திருப்பிடலாம், ஊசியும் ஆளும் பக்கத்துல இருந்தா. கொரோனா கேம்ப்ல பஞ்சைக் கையில வச்சுக்கிட்டே பைக்கை ஸ்டார்ட் பண்ணவங்க எத்தனை பேரு.